கேள்வி – பதில்: கேம் கசெற்றுக்கு லேபிள் அடிப்பது எப்படி?

பழைய கேம் கசெற்றுக்குப் புது லேபிள், சொந்தமாகச் செய்த கேமுக்கு முதல் லேபிள் என்று இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. பலர் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம். அனேகமான கடிதங்கள் பிறின்ரரைத்தான் குறை சொல்கின்றன. பதில்களை வாசித்தால் பிறின்ரர் பாவம் என்று தெரியும்.

நின்ரெண்டோவின் கையடக்க கேம் மெசினான கேம் போய்க்கு, ஜிபி ஸ்ரூடியோ என்ற மென்பொருளில் ஒரு சிறிய கேம் செய்து, எழுதக்கூடிய சுற்றுப் போர்டில் ஏற்றி, கேம் போய் கசெற் கூட்டுக்குள் பூட்டிவிட்டேன். லேபிளை என்ன அளவில் வரைய வேண்டும்? எத்தனை பிக்சல் வரும்?
— ச.ம., திருநெல்வேலி

கேம் போய் கசெற்றின் ஒரிஜினல் லேபிள் ஏறக்குறைய 42 மில்லிமீற்றர் அகலம், 37 மில்லிமீற்றர் உயரம். இந்த எண்ணை மட்டும் நம்பி வரையத் தொடங்க வேண்டாம். இப்போது தனியாக விற்கும் கூடுகள் வெவ்வேறு அச்சுகளில் வார்க்கப்பட்டவை. லேபிள் உட்காரும் பள்ளம் கூட்டுக்குக் கூடு கொஞ்சம் வித்தியாசப்படும். பௌதிகவியல் செய்முறை வகுப்பில் பிடித்த வேணியர் இடுக்கிமானிக்கு இங்கே வேலை இருக்கிறது. அதன் உள்தாடைகளால் பள்ளத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, இரண்டிலும் அரை மில்லிமீற்றர் குறைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குச் சரிசமமாக வெட்டிய லேபிள் எங்காவது ஒரு பக்கம் சுவரில் ஏறி நிற்கும். ஏறிய ஓரம்தான் முதலில் கிளம்பும்.

பிக்சல் கணக்கு இதுதான்: மில்லிமீற்றரை 25.4 ஆல் பிரித்து 300 ஆல் பெருக்க வேண்டும். 42க்கு 37 என்றால் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 496க்கு 437 பிக்சல். கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். ஆகவே பின்னணிப் படத்தைச் சுற்றிவர 2 மில்லிமீற்றர் நீட்டி விடுங்கள். அப்போது 46க்கு 41 மில்லிமீற்றர், அதாவது 543க்கு 484 பிக்சல். 600 டிபிஐயில் வரைந்தால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். கேமின் பெயர், உங்கள் பெயர், முகங்கள் எல்லாம் வெட்டுக்கோட்டிலிருந்து 2 மில்லிமீற்றராவது உள்ளே இருக்கட்டும்.

கேமின் திரைக்காட்சியையே படமாக வைக்க நினைத்தால் ஒரு வசதி உண்டு. கேம் போயின் திரை 160க்கு 144 பிக்சல். அதை மூன்று மடங்காக்கினால் 480க்கு 432. 300 டிபிஐ லேபிளுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக உட்காரும், ஆனால் பெயருக்கு இடம் இராது. இரண்டு மடங்கு, அதாவது 320க்கு 288 என்றால் மேலே ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும், பெயரை எழுத அது போதும். எப்போதும் முழு எண்ணால்தான் பெருக்க வேண்டும். இரண்டரை மடங்காக்கினால் ஒரு பிக்சல் தடிப்பாகவும் அடுத்தது மெலிவாகவும் வரும். பெரிதாக்கும்போது, படம் திருத்தும் மென்பொருளான கிம்பில் இடைக்கணிப்பு (இன்ரர்பொலேசன்) ‘நன்’ என்றும் போட்டோஷொப்பில் ‘நியரெஸ்ற் நெய்பர்’ என்றும் தெரிவு செய்யுங்கள். மற்றத் தெரிவுகள் சதுரங்களின் விளிம்பைக் கலங்கடித்துவிடும்.

கணினியில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. கொமினிக்கேசனில் அடித்து வாங்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறிதாக வருகிறது. கடைக்காரர் ‘மெசின் அப்படித்தான்’ என்கிறார்.
— வாசகர், சாவகச்சேரி

மெசின் அப்படி இல்லை. பிறின்ற் பெட்டியில் ‘ஃபிற் ரு பேஜ்’ தெரிவாகியிருக்கிறது. ஏ4 தாளின் ஓரத்தில் பிறின்ரரால் அடிக்க முடியாத சில மில்லிமீற்றர்களைத் தவிர்ப்பதற்காக மென்பொருள் முழுப் பக்கத்தையும் சுருக்குகிறது. ‘அக்சுவல் சைஸ்’ அல்லது 100% என்று மாற்றச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு நம்பியிருக்கவும் வேண்டாம். தாளின் ஒரு மூலையில் சரியாக 100 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு வரைந்து வையுங்கள். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து அந்தக் கோட்டில் அடிமட்டத்தை வையுங்கள். 97 காட்டினால் உங்கள் 42 மில்லிமீற்றர் லேபிள் 41க்கும் கீழே போய்விட்டது. 100 வந்த பிறகுதான் ஸ்ரிக்கர் தாளை எடுக்க வேண்டும். ஒரு சாதாரணத் தாளின் விலையோடு பிழை பிடிபட்டுவிடும்.

கடைக்குக் கோப்பை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், பிக்சலும் குறையும், டிபிஐ தகவலும் போய்விடும். பிறகு கடையில் அதை வேர்ட்டில் ஒட்டி, கண் மட்டத்துக்கு இழுத்து அடிப்பார்கள். ஏ4 அளவிலேயே பிடிஎப் செய்து, வட்ஸ்அப்பில் ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிறைவில் கொண்டு போங்கள். சுற்றிவர 5 மில்லிமீற்றர் விட்டு, லேபிள்களுக்கு நடுவே 4 மில்லிமீற்றர் இடைவெளி வைத்தால், நீட்டிய ஓரத்தோடு 46க்கு 41 அளவில் குறுக்கே 4, நெடுக்கே 6 என்று ஒரு ஏ4 தாளில் 24 லேபிள் அடங்கும்.

வீட்டில் மை ராங்க் வைத்த இங்க்ஜெற் பிறின்ரர் இருக்கிறது. பளபளப்பான ஸ்ரிக்கர் தாளில் நிறங்கள் நன்றாக வருகின்றன, ஆனால் கறுப்பு எழுத்து மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் காயவிட்டும் அப்படியே.
— இ.த., மானிப்பாய்

உங்கள் பிறின்ரரில் இரண்டு வகை மை இருக்கிறது. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் திரவத்தில் கரைந்த சாய மை. கறுப்பு மட்டும் நுண்ணிய தூள் கலந்த நிறமி மை. வீட்டுக்கு விற்கும் ராங்க் பிறின்ரர்கள் பலவற்றில் இதுதான் அமைப்பு. சாதாரணத் தாளில் அந்தக் கறுப்பு இழைகளுக்குள் பிடித்துக்கொண்டு கூர்மையாக நிற்கும். பளபளப்பான தாளின் மேற்பூச்சு சாய மையை உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்டது, கறுப்புத் தூள் அதற்குள் இறங்காது. மேலேயே கிடந்து விரலோடு வரும். ஒரு கிழமை காயவிட்டாலும் இதே கதைதான்.

மருந்து, பிறின்ற் பெட்டியில் தாள் வகையை மாற்றுவதுதான். ‘பிளெயின் பேப்பர்’ என்று இருப்பதை ‘போட்டோ பேப்பர் குளொசி’ ஆக்குங்கள். அப்போது பிறின்ரர் தூள் கறுப்பை ஒதுக்கிவிட்டு மூன்று நிறங்களையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். அது சற்று மண்ணிறம் தட்டலாம், ஆனால் ஒட்டாது. ஆழ்ந்த கறுப்புத்தான் வேண்டுமென்றால் பளபளப்பில்லாத மற் ஸ்ரிக்கர் தாளுக்கு மாறுங்கள். பளபளப்பை மேலே ஒட்டும் தெளிந்த பிளாஸ்ரிக் படலம் கொடுக்கும்.

நான்கு நிறமும் சாய மையாக உள்ள பிறின்ரர்களில் இந்தக் கரைச்சல் இல்லை. அவற்றின் கரைச்சல் தண்ணீர்: ஈரக் கை பட்டாலே நிறம் பரவும், படலம் ஒட்டாமல் பாவிக்கக்கூடாது.

காகித ஸ்ரிக்கரா, வைனிலா? லேசரில் அடிப்பதா, இங்க்ஜெற்றில் அடிப்பதா? எது நீடிக்கும்?
— ஜெ., பருத்தித்துறை, இதே கேள்வியை இன்னும் பலர்

தாளையும் பிறின்ரரையும் தனித்தனியாகத் தெரிவு செய்ய முடியாது. அவை சோடியாகத்தான் வரும்.

லேசர் பிறின்ரரில் ரோனர் தூளைத் தாளோடு உருக்கி ஒட்டும் உருளை 200 பாகை செல்சியஸை அண்டிய சூட்டில் இருக்கும். ‘இங்க்ஜெற்’ என்று உறையில் போட்ட வைனில் என்ற பிளாஸ்ரிக் ஸ்ரிக்கரை அதற்குள் விட்டால் பிளாஸ்ரிக் சுருங்கி, பசை உருகி, உருளையைச் சுற்றிக்கொள்ளும். அந்தப் பாகத்தின் விலைக்குப் புதுப் பிறின்ரரே வாங்கலாம் என்ற நிலைமை வரும். கடைக்காரர் தயங்கினால் அவர் பக்கம்தான் நியாயம். லேசருக்கு ‘லேசர்’ என்று குறிப்பிட்ட காகித ஸ்ரிக்கரையோ, சூடு தாங்கும் பொலியெஸ்ரர் ஸ்ரிக்கரையோ கொடுங்கள். பிறின்ற் பெட்டியில் தாள் வகை ‘லேபிள்’ ஆக இருக்கட்டும், கையால் ஊட்டும் தட்டில் ஒவ்வொரு தாளாக விடவும். ஒரு லேபிளை உரித்தெடுத்த பிறகு மிச்சத் தாளை மீண்டும் உள்ளே விடவே கூடாது. உரித்த இடத்து ஓரங்களில் பசை திறந்து கிடக்கும்.

மறுபக்கம், லேசருக்கான வழுவழுப்பான தாளை இங்க்ஜெற்றில் விட்டால் மை உறிஞ்சப்படாமல் திட்டுத் திட்டாகக் குளம் கட்டும்.

எது நீடிக்கும் என்றால், இங்க்ஜெற் வைனில் மேலே ஒரு தெளிந்த படலத்தோடு கையில் பிடித்து விளையாடும் கசெற்றுக்கு முதலிடம். காகிதம் வியர்வையை உறிஞ்சி மூலைகளில் நார் நாராகும். லேசர் காகிதத்தில் எழுத்து மிகக் கூர்மையாக வரும், தண்ணீருக்கும் அசையாது. அலுமாரியில் வைக்கும் கசெற்றுக்கு அது போதும், செலவும் குறைவு. ஒன்றிரண்டு லேபிளுக்கு வைனில் கட்டு வாங்குவது வீண், நண்பர்களோடு பங்கு போடுங்கள். மாரி காலத்தில் திறந்த கட்டை அப்படியே மேசையில் விடாதீர்கள். ஈரம் குடித்த தாள் சுருண்டு பிறின்ரருக்குள் சிக்கும். சிலிக்கா ஜெல் பொதியோடு சிப் பையில் போட்டு வையுங்கள்.

லேபிளில் கேமின் பெயரைத் தமிழில் போட்டேன். என்னுடைய கணினியில் அழகாக இருந்தது. கடையில் திறந்தபோது கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். கடையில் ‘பாமினியில் அடித்துத் தாருங்கள்’ என்கிறார்கள்.
— ந.கு., வட்டுக்கோட்டை

இது யாழ்ப்பாணத்து அச்சுக்கடைகளின் பழைய வழக்கத்தோடு சம்பந்தப்பட்டது. நீங்கள் ஒருங்குறியில் (யுனிகோட்) தட்டச்சு செய்கிறீர்கள். பாமினி வகை எழுத்துருக்கள் அதற்கு முந்திய முறை. ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்தவை. கலியாண அட்டையும் மரண அறிவித்தலும் வருடக்கணக்காக அதில் அடித்துப் பழகிய கடைகளில் பழைய பேஜ்மேக்கர், கோரல் டிறோ பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒருங்குறித் தமிழை அடுக்கத் தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு (ெ) ககரத்துக்கு முன்னே வர வேண்டும், அரவு (ா) பின்னே வர வேண்டும் என்ற விதியை மென்பொருள் செய்ய வேண்டும். செய்யாத மென்பொருள் வந்த ஒழுங்கிலேயே கொட்டிவிடும். பாமினியில் அடித்துக் கொடுத்தால் அந்தக் கடையில் சரி வரும், ஆனால் அதே கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும்.

இரண்டு பக்கமும் தொல்லையில்லாத வழி: எழுத்தை எழுத்தாகவே அனுப்பாதீர்கள். வரைதல் மென்பொருளான இன்ஸ்கேப்பில் பெயரை அடித்து, ‘பாத்’ பட்டியலில் ‘ஒப்ஜெக்ற் ரு பாத்’ கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் வெறும் வடிவமாகிவிடும். அதற்குப் பிறகு எந்த எழுத்துருவும் தேவையில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். வடிவமான பின் எழுத்துப் பிழை கண்டால் திருத்த முடியாது. இன்ஸ்கேப்பும் கிம்பும் இலவசம், இரண்டும் தமிழைச் சரியாக அடுக்கும். போட்டோஷொப்பில் உடைந்தால் ‘பிறிபரன்சஸ்’ இல் ‘ரைப்’ பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய பதிப்புகளில் அது இராது.

எழுத்துருவுக்குப் பாமினியை விட்டு வெளியே வாருங்கள். பலூ தம்பி, கட்டமரன், முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. தடித்த உருண்டை எழுத்தான பலூ தம்பி கேம் லேபிளுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆங்கிலத்துக்கு 5 புள்ளி அளவு போதுமானாலும் தமிழுக்கு 7 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள். ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் உட்பக்கமும் மை பரவி அடைந்துவிடும். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் 8 புள்ளி, அதுவும் தடித்தது. வெள்ளை எழுத்தைப் பிறின்ரர் அடிப்பதில்லை, சுற்றியுள்ள மைதான் அதை விட்டுவைக்கிறது. அந்த மை நான்கு பக்கமிருந்தும் உள்ளே பரவும்.

படலம் ஒட்டிய லேபிள் இரண்டு கிழமைக்குள் நடுவில் கொப்புளம் போட்டு, மூலைகளில் கிளம்பிவிட்டது. உப்புக் காற்றா காரணம்?
— வாசகி, காரைநகர்

உப்புக் காற்றுக்கு இதில் பங்கு மிகக் குறைவு. கொப்புளமும் மூலையும் இரண்டு வேறு வருத்தம்.

கொப்புளம் அவசரத்தால் வருகிறது. இங்க்ஜெற் மையில் தண்ணீர் மட்டுமல்ல, மெதுவாக ஆவியாகும் வேறு திரவங்களும் உண்டு. தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் படலத்தை ஒட்டினால் வெளியேற வழியில்லாமல் படலத்தைத் தூக்கும். அடித்த தாளை 24 மணித்தியாலம் திறந்து வையுங்கள், மாரியில் 48. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், வெயிலிலும் வைக்க வேண்டாம். மின்விசிறி ஓடும் அறையின் மேசை போதும்.

படலம் எது என்பதும் முக்கியம். அடையாள அட்டைக்குச் செய்வதுபோல இரண்டு தாளுக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டும் லமினேசன் லேபிளுக்கு ஆகாது. அது விறைப்பானது, அந்தச் சூட்டில் ஸ்ரிக்கரின் பசையும் இளகி ஓரத்தால் வழியும். ஸ்ரூடியோக்களில் படத்துக்கு ஒட்டும் குளிர் லமினேசன் படலத்தைக் கேளுங்கள். பின்தாளை முழுவதும் உரிக்காமல் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, தாளின் ஓரத்தில் பதித்து, பஞ்சுத் துணி சுற்றிய பழைய ரெலிபோன் அட்டையால் அழுத்தியபடியே பின்தாளை மெல்ல மெல்ல இழுங்கள். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைப்பதானால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் படலமாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சாய மையின் சிவப்பும் மஞ்சளும் வெளிறி, லேபிள் நீலம் பாரித்துப் போகும்.

மூலை கிளம்புவது கூட்டின் குற்றம். புதிதாக வாங்கிய கூடுகளில் அச்சிலிருந்து கழலுவதற்காகப் பூசிய எண்ணெய்த் தன்மை மிஞ்சியிருக்கும். போர்டை வெளியே எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, நன்றாக உலர்த்தி, பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் பள்ளத்தைத் துடையுங்கள். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. ஒட்டிய லேபிளின் பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாள் எடுக்கும். அதுவரை கசெற்றை மெசினுக்குள் சொருகாதீர்கள்.

கத்தரிக்கோலால் வெட்டினால் மூலைகள் நான்கும் நான்கு விதமாக வருகின்றன.
— மாணவன், உரும்பிராய்

கத்தரிக்கோலை வைத்துவிடுங்கள். உருக்கு அடிமட்டமும், முனை கூரான கட்டரும், கீழே வைத்து வெட்ட ஒரு விரிப்பும் (கட்டிங் மற்) வேண்டும். புது அலகு போடுங்கள். மழுங்கிய அலகு வைனிலை வெட்டாமல் இழுக்கும், ஓரத்தில் படலம் பிரியும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் மெல்லிதாக இரண்டு தரம் இழுங்கள். அடிமட்டம் எப்போதும் லேபிளின் மேல் இருக்கட்டும், அப்போது கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் கெடும்.

மூலைக்கு, கைவினைப் பொருட்கள் விற்கும் கடைகளில் மூலை வளைக்கும் பஞ்ச் கிடைக்கும். எத்தனை மில்லிமீற்றர் வளைவு என்பதைக் கூட்டின் பள்ளத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள்: தாளைப் பள்ளத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் வளைவு தாளில் பதியும், பஞ்ச் வெட்டிய துண்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள். படலம் ஒட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் படலம் ஒட்டுவது நடக்காத காரியம்.

50, 100 என்று தேவையென்றால் வாகன ஸ்ரிக்கர் வெட்டும் கடைகளில் பிளொட்டர் (கணினிக் கோட்டின்படி வெட்டும் மெசின்) இருக்கும். பின்தாள் வெட்டுப்படாமல் மேல் தாள் மட்டும் வெட்டுப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். வெட்டுக்கோட்டைத் தனி அடுக்கில், மெல்லிய கோடாக வரைந்து கொடுக்க வேண்டும். அடிக்கும்போதே மூலைகளில் அடையாளப் புள்ளிகளும் வேண்டும், அவற்றின் இடத்தைக் கடையில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பனர் அடிக்கும் கடையில் கொடுத்தேன். மலிவுதான், ஆனால் சின்ன எழுத்து எல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது.
— வாசகர், கொக்குவில்

பனர் மெசின் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு அடிப்பது. அதே கடையில் வைனிலுக்கான ஈகோ சொல்வென்ற் மெசின் இருக்கிறதா, அதில் உயர்ந்த தரத்தில் மெதுவாக அடிப்பார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பெரிய தாளில் அடிக்கும் டிஜிற்றல் பிறின்ற் கடைக்குப் போங்கள். 12க்கு 18 அங்குல ஸ்ரிக்கர் தாளில், ஏ4க்குச் சொன்ன அதே ஓரமும் இடைவெளியும் விட்டு, லேபிளைப் படுக்கவைத்து அடுக்கினால் 54 அடங்கும். கறுப்பு எழுத்தை கறுப்பு மை மட்டும் 100% என்று அமைத்துக் கொடுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் நிறங்கள் சற்று விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும்.

கண்ணாடி போன்ற ஸ்ரிக்கரில் அடித்து நீலக் கசெற்றில் ஒட்டினேன். படமே காணவில்லை!
— து., நல்லூர்

சாதாரணப் பிறின்ரரில் வெள்ளை மை இல்லை. படத்தில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் இப்போது நீலம். ஒளி ஊடுருவும் ஸ்ரிக்கர் வெள்ளை, இளஞ்சாம்பல் கூடுகளுக்கு மட்டும்தான்.

சின்ன வயது ரீவி கேம் கசெற்றுகள் கொஞ்சம் இருக்கின்றன. லேபிள் பாதி கிழிந்து, பசை கறுத்துப் போயிருக்கிறது. எப்படிக் கழற்றிப் புதிது ஒட்டுவது?
— க., சுன்னாகம்

கழற்றுவதற்கு முன் ஸ்கான் செய்து வையுங்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும். அச்சிட்ட படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் அந்தப் புள்ளிகளும் ஸ்கானரின் கட்டங்களும் மோதி அலை அலையான கோலம் விழும். 600 இல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு 300க்கு இறக்குங்கள். கசெற் தட்டையாகக் கண்ணாடியில் படியாவிட்டால் நிழல் விழும். லேபிளைக் கழற்றிய பிறகு அதை ஒரு வெள்ளைத் தாளில் படிய வைத்து இன்னொரு தரம் எடுங்கள். நமது ஊரில் ஓடிய கசெற்றுகள் அனேகமாக 60 முள்ளுள்ள பமிகொம் (நின்ரெண்டோவின் பழைய ரீவி கேம் மெசின்) வகை. கூடு செய்தவர்கள் பலர் என்பதால் லேபிள் அளவும் பல. இணையத்தில் கிடைக்கும் அச்சுப்படி ஒன்றும் பொருந்தாது, உங்கள் கசெற்றைத்தான் அளக்க வேண்டும்.

கழற்ற, ஹெயார் டிறையரால் மிதமான சூட்டை அரை நிமிடம் காட்டி, ஒரு மூலையிலிருந்து தாழ்வான கோணத்தில் மெதுவாக உரியுங்கள். மிஞ்சிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, பிளாஸ்ரிக் அட்டையால் வழித்து, சவர்க்காரத்தால் கழுவி, கடைசியில் ஸ்பிரிட். எண்ணெய்த் தடம் கொஞ்சம் இருந்தாலும் புது லேபிள் ஒட்டாது. கியூட்டெக்ஸ் அழிக்கும் திரவத்தையும் பெயின்ற் தின்னரையும் கிட்டவும் எடுக்காதீர்கள். அவற்றிலுள்ள அசிற்றோன் போன்றவை ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும், கூடு வெளிறி ஒட்டும் தன்மைக்கு வந்துவிடும். இந்த வேலை எல்லாம் போர்டை வெளியே எடுத்த பிறகுதான்.

சேகாவின் ரீவி கேம் மெசினான மெகா டிறைவின் கசெற்றில் லேபிள் முன்பக்கத்திலிருந்து மேல் விளிம்பில் மடிந்து போகிறது. மடித்த இடத்தில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது.
— வாசகர், ஊர்காவற்றுறை

லேசரில் அடித்திருப்பீர்கள். ரோனர் தாளுக்குள் இறங்காமல் மேலே உருகிய பிளாஸ்ரிக் தோலாகக் கிடக்கும். மடித்தால் அது வெடிக்கும். இங்க்ஜெற் வைனிலில் அடித்து, இருப்பதில் மெல்லிய படலத்தை ஒட்டுங்கள். தடித்த படலம் மடிப்பிலிருந்து நிமிரப் பார்த்து மேல் பகுதியைத் தூக்கிவிடும். முன்பக்கத்தை முதலில் ஒட்டி முடித்து, மடிப்பு இடத்துக்கு ஹெயார் டிறையர் சூடு காட்டி, விரலால் விளிம்போடு படிய வைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். லேசர்தான் கதி என்றால் மடிப்பு விழும் இடத்தைப் படத்தில் வெள்ளையாகவோ மிக வெளிர் நிறமாகவோ விட்டுவிடுங்கள், வெடிப்புத் தெரியாது.

பிரபலமான பழைய கேம்களைப் பிரதி செய்து, ஒரிஜினல் போலவே லேபிள் அடித்து விற்கலாமா?
— பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

கூடாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையையும் வர்த்தகக் குறியையும் சேர்த்தே பாதுகாக்கிறது. சொந்தக் கேமுக்குக்கூட நின்ரெண்டோவின் பெயரையோ தர முத்திரையையோ போடாதீர்கள். உங்கள் கசெற்றின் கிழிந்த லேபிளுக்குப் பதில் ஒன்று ஒட்டும்போது, ஒரு மூலையில் ‘மறுபதிப்பு’ என்று சிறிதாக எழுதிவிடுங்கள். பின்னொரு காலம் அது வேறு கைக்கு மாறினால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

முப்பரிமாணப் பிறின்ரரில் அடித்த கூட்டில் லேபிள் நிற்பதே இல்லை. விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் பற்றரி உள்ள கசெற்றுக்கு லேபிளில் கவனிக்க ஏதும் உண்டா?
— பொறியியல் மாணவர், கிளிநொச்சி

அந்தக் கூட்டின் மேற்பரப்பு வரி வரியாக இருக்கும். பசை வரிகளின் உச்சியில் மட்டும் தொடும். லேபிள் பள்ளத்தை 240 ஆம் இலக்க அரத்தாளாலும் பிறகு 400 ஆம் இலக்கத்தாலும் தேய்த்து, தூசைத் துடைத்து, ஒரு பூச்சு பிறைமர் ஸ்பிறே அடித்து, மறுநாள் ஒட்டுங்கள். இந்தப் பிறின்ரர்களில் அனேகமாகப் பாவிக்கும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகையளவிலேயே இளகத் தொடங்கும். ஆகவே ஹெயார் டிறையர் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட வேண்டாம்.

பற்றரியைப் பொறுத்தவரை, அதை மாற்றக் கூட்டைத் திறக்க வேண்டும் என்பதால் கூட்டின் திருகாணியை மூடாமல் லேபிள் ஒட்டுவதுதான் முக்கியம். கேம் போய் கசெற்றின் ஆணி பின்பக்கம் இருப்பதால் முன் லேபிளுக்குப் பிரச்சினை இல்லை, அதைக் கழற்ற 3.8 மில்லிமீற்றர் கேம்பிற் என்ற விசேட திருப்புளி முனை வேண்டும். பின்பக்கத்தில் 10க்கு 20 மில்லிமீற்றரில் ஒரு சின்ன லேபிள் ஒட்டி, பற்றரி இலக்கத்தையும் (அனேகமாக சிஆர்1616 அல்லது சிஆர்2025) மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். அதற்கு மட்டும் படலம் வேண்டாம், மற் தாளாக இருக்கட்டும். அடுத்த முறை மாற்றும்போது பேனையால் வெட்டி எழுத வேண்டும் அல்லவா.